மலைவீட்டிற்கு ஏற்ற நீர் வடிகட்டி எது?

நோய் இன்னதென்று தெரியுமுன் மருந்தை விலைக்கு வாங்குவார் எவருமிலர். ஆயினும் குடிநீர் விஷயத்தில் நம்மில் பலர் அவ்வாறே நடந்து கொள்கிறோம். தண்ணீரில் உள்ள குற்றம் யாது என்று அறியாமலே, அதைப் போக்கும் இயந்திரத்திற்கு முன்பணம் கொடுத்து விடுகிறோம். இதனால் நேரும் நஷ்டம் பணத்தோடு நிற்குமாயின் பொறுத்துக் கொள்ளலாம். வீட்டில் இயந்திரம் இருக்கிறது என்ற நம்பிக்கையிலே குழந்தைகளின் உடல்நலமும் கெடுமாயின், அதைப் பற்றி நமது சங்கங்கள் சிந்தித்தே ஆகவேண்டும். அப்படிச் சிந்திக்க வேண்டிய கட்டாயம் எனக்கு நேர்ந்த விதத்தை முதலில் கூறி விடுகிறேன்.

சேர்வராயன் மலையில் காப்பியும் மிளகும் பயிரிடுவோர் அங்கம் வகிக்கும் சங்கம் ஒன்றை ஆய்வு செய்ய இரண்டு ஆண்டுகளுக்கு முன் சென்றிருந்தேன். அவ்வாண்டில் 11 அங்கத்தினர்களுக்கு நீர் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கக் கடன் வழங்கப்பட்டிருந்தது. விண்ணப்பம், ஜாமீன், ரசீது, தீர்மானம் யாவும் ஒழுங்காகவே இருந்தன. தவணைகளும் நாள் தவறாது செலுத்தப்பட்டு வந்தன. 'குறிப்பிடத்தக்க குறை ஏதுமில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். மாலையில் அங்கத்தினர் ஒருவரின் வீட்டிற்குச் செல்ல நேர்ந்தது. அங்கே அந்த இயந்திரம் துணி போர்த்தப்பட்டு, அதன்மேல் ஊதுவத்தியும் தீப்பெட்டியும் வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் ஓடையிலிருந்து மொண்டு வந்த நீர் குடத்தில் இருந்தது. அவ்வீட்டுச் சிறுமி வயிற்றுப்போக்கில் மெலிந்து அப்பொழுதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"மழைக்காலத்துச் சேற்றுத் தண்ணி உள்ளே போய் அடைச்சுக்கிச்சு ஐயா. சேலத்திலிருந்து ஆள் வரணும்னா தனிக் கூலி கேக்கறாங்க. கரண்டும் பாதி நாள் இருக்கறதில்லே" என்றார் அச்சிறுமியின் பாட்டி.

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் சாலையில் 20 கொண்டையூசி வளைவுகள் உண்டு. அவற்றைக் கடந்து, பின்னும் சிற்றூர்ப் பாதையில் பயணம் செய்து, ஒரு வடிகட்டியை மாற்றித் தர எந்த இயந்திரக்காரர் அடிக்கடி வருவார்? ஏட்டிலே குறையில்லை, வீட்டிலே குறை இருந்தது. நான் ஆய்ந்தது ஏட்டை மட்டுமே என்பதை அன்று உணர்ந்தேன்.

இரண்டு கண்ணாடிக் குவளைகள்

சென்ற ஐப்பசியில் அதே மலையில் உள்ள வேறொரு சங்கத்திற்குச் சென்றபோது, சங்கக் கட்டிடத்தின் முன் கூட்டம் கூடியிருந்தது. விற்பனையாளர் ஒருவர் மேசைமேல் இரண்டு கண்ணாடிக் குவளைகளை வைத்திருந்தார். ஒன்றில் அவ்வூர் ஊற்றுநீர். மற்றொன்றில் அவர் கொண்டுவந்த இயந்திரத்தில் வடித்த நீர். மின்கம்பி பொருத்திய உலோகக் கோல்களை இரண்டிலும் அமிழ்த்தினார். சிறிது நேரத்தில் ஊற்றுநீர் செங்கல் நிறமாகக் கலங்கி, மேலே அழுக்கு நுரை கட்டியது. இயந்திர நீர் தெளிந்தபடியே இருந்தது. "இதைத்தான் உங்கள் குழந்தைகள் குடிக்கிறார்கள்" என்றார் அவர். கூட்டத்தில் இருந்த தாய்மார்கள் முகம் வெளுத்தனர். அன்று மாலைக்குள் 14 கடன் விண்ணப்பங்கள் காரியதரிசியின் கையில் சேர்ந்தன.

கல்லூரியில் இரசாயனம் பயின்றவன் என்ற முறையில் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. விற்பனையாளரின் சம்மதத்துடன் அவருடைய இயந்திர நீரையே ஒரு குவளையில் எடுத்து, அதில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பை இட்டுக் கலக்கினேன். பின்பு அதே கோல்களை அமிழ்த்தும்படி கேட்டுக் கொண்டேன். அந்நீரும் செங்கல் நிறமாயிற்று.

காரணம் எளிது. அக்கோல்களில் ஒன்று இரும்பு. நீரில் சிறிதளவேனும் உப்புக்கள் கரைந்திருந்தால் மின்சாரம் பாயும்; பாயும்போது இரும்பு கரைந்து துருவாகப் பிரியும். நாம் கண்ட அழுக்கு கோலிலிருந்து வந்ததேயன்றி நீரிலிருந்து வந்ததன்று. உப்புக்கள் அறவே நீக்கப்பட்ட நீரில் மின்சாரம் பாய்வது அரிது; ஆகையால் அது தெளிவாக நிற்கிறது. இச்சோதனை, நீரில் உப்பு உண்டா என்பதை மட்டுமே காட்டும். நோய்க் கிருமி உண்டா என்பதைக் காட்டவே காட்டாது. பேனாவைப் போல் சட்டைப் பையில் செருகி வரும் டி.டி.எஸ். மானியும் அத்தகையதே. அது கரைந்த உப்பை அளக்கும் கருவி. அதில் மிகக் குறைந்த எண்ணைக் காட்டும் நீர் காலராக் கிருமியைச் சுமந்திருக்கவும் கூடும்.

நீரில் உள்ள மூவகைக் குற்றங்கள்

குடிநீரில் காணும் குற்றங்களைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, கண்ணுக்குத் தெரியும் சேறும் கசடும். இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத நோய்க் கிருமிகள். மூன்றாவது, கரைந்து நிற்கும் பொருள்கள். அதாவது கடினத்தன்மை தரும் சுண்ணாம்பு, மக்னீசிய உப்புக்கள், புளோரைடு, நைட்ரேட்டு போன்றவை. ஒவ்வொன்றிற்கும் தனித்தனிப் பரிகாரம் உண்டு. ஒன்றின் பரிகாரம் மற்றொன்றிற்கு உதவாமற் போகலாம். உதாரணமாக, நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் மடியும். புளோரைடோ நைட்ரேட்டோ குறையாது. நீர் ஆவியாகச் சுண்டுவதால் அவை சற்று அடர்த்தியாகவே செய்யும்.

சேர்வராயன் மலையின் நீரில் பெரும்பாலும் எக்குற்றம் காணப்படும்? இம்மலை சார்னோகைட் என்னும் கடும்பாறையால் ஆனது. உச்சிப் பகுதிகளில் மழையால் உப்புக்கள் கழுவப்பட்டுப் பாக்சைட்டாக மாறிய மண் உண்டு. ஏற்காடு கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெய்யும் மழை பாறை வெடிப்புக்களில் இறங்கி, நெடுநாள் தங்காது, ஊற்றாக வெளிப்பட்டு விடுகிறது. ஆகவே இத்தகைய ஊற்றுநீரில் கரைந்த உப்பு மிகக் குறைவாக இருப்பதே இயல்பு. மேற்கூறிய ஊரின் நீரை மானியில் பார்த்தபோது எண் 100-ஐக்கூட எட்டவில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் விதியோ, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. உப்பை நீக்கும் இயந்திரத்திற்கு அவ்வூரில் வேலையே இல்லை என்பது இதனால் விளங்கும்.

அதற்காக மலைநீர் தூயது என்று மகிழ்ந்து விடலாகாது. மழைக்காலத்தில் ஓடைகள் செம்மண்ணைக் கரைத்துக் கொண்டு வருகின்றன. ஊற்றிற்கு மேற்புறத்தில் மாடுகள் மேய்கின்றன. கழிப்பறைக் குழிகள் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொணர்ந்தார் என்பது வரலாறு. அக்காப்பியின் பழத்தைத் தோலுரித்துக் கழுவும் பருவத்தில் வெளியாகும் கொழகொழப்பான நீர் ஓடையில் விடப்படுமாயின், அது அழுகி, நீரில் உள்ள பிராணவாயுவைக் கவர்ந்து, கீழே உள்ள ஊராரின் குடிநீரைக் கெடுக்கிறது. ஆகவே மலையில் நமக்குப் பகை, சேறும் கிருமியுமே.

மலையடிவாரத்தில் நிலைமை வேறு. சேலத்தை அடுத்த சுண்ணாம்புக் கரடு மக்னசைட்டுக்குப் பெயர் பெற்றது. அத்தகைய நிலத்து ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. நெசவாளச் சகோதரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுவதில்லை. சோப்பு நுரைக்காத நீரில் சாயமும் சீராக ஏறாது என்பது அவர்கள் கண்ட உண்மை. சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம் நகரைக் கடக்கையில் சாக்கடையையும் சாயக் கழிவையும் சுமந்து சென்றிருக்கிறது. அதன் கரையோரக் கிணறுகளில் கரைந்த உப்பு மிகுந்திருப்பின் வியப்பில்லை. மலைக்கு வடக்கே தருமபுரி வட்டாரங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து, பற்களில் பழுப்புக் கறையையும் எலும்பில் ஊனத்தையும் விளைவித்தது. அதன் பொருட்டே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஏற்பட்டு, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம். வேறு நீரே இல்லையெனில் 1.5 வரை என்பது விதி. ஒரே மாவட்டத்தில், மலைமேல் ஒரு குற்றம், மலையடியில் மற்றொரு குற்றம். இரண்டிற்கும் ஒரே இயந்திரத்தை விற்பதும் வாங்குவதும் எங்ஙனம் பொருந்தும்?

கருவிகளும் அவற்றின் தகுதியும்

நம் பாட்டிமார் தேற்றான்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல் நீரைத் தெளிய வைத்தனர். முருங்கை விதையும் படிகாரமும் அவ்வேலையைச் செய்யும். இவை மண் துகள்களை ஒன்று சேர்த்து அடியில் படியச் செய்கின்றன. கிருமியும் ஓரளவு குறையும், முற்றிலும் நீங்காது. ஆகவே இது முதற்படி மட்டுமே.

மணல் வடிகட்டியின் பெருமையை ஜெர்மனி தேசத்து இரு நகரங்கள் உலகிற்கு உணர்த்தின. ஹாம்பர்க், அல்டோனா என்ற அவ்விரண்டும் அடுத்தடுத்து அமைந்தவை. எல்பே ஆற்று நீரையே உண்டவை. அல்டோனா அந்நீரை மணற் படுகைகளில் மெல்ல வடித்து வழங்கியது. ஹாம்பர்க் வடிக்காமல் வழங்கியது. 1892-இல் காலரா பரவியபோது ஹாம்பர்க்கில் 8,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அல்டோனாவில் மாண்டோர் தொகை அதனினும் மிகக் குறைவு. மணலின் மேற்பரப்பில் படரும் உயிர்ப் படலமே கிருமிகளைப் பிடித்து அழிக்கிறது. ஊற்றுநீரைப் பொதுத்தொட்டியில் தேக்கும் சிற்றூருக்கு இம்முறை மிகவும் ஏற்றது. மின்சாரம் வேண்டுவதில்லை.

பீங்கான் கேண்டில் பொருத்திய இரண்டடுக்குப் பாத்திரம் நம்மில் பலர் அறிந்ததே. நுண்ணிய துளைகளின் வழியே நீர் கசிகையில் சேறும் பெரும்பாலான கிருமிகளும் மேலேயே தங்கி விடும். வேகம் குறைந்தால் மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும், சோப்பு கூடாது. மயிரிழை வெடிப்புக் கண்டாலும் கேண்டிலை மாற்ற வேண்டும். வைரஸ் என்னும் மிக நுண்ணிய கிருமிகளை இது முழுவதும் தடுக்காது என்பதை மனத்திற் கொள்க. உள்துளைக் குழல்களால் ஆன யு.எப். வடிகட்டி இதனினும் நுண்ணியது. அதற்கும் மின்சாரம் தேவையில்லை. மஞ்சட்காமாலை பரவும் காலத்தில் இவற்றில் வடித்த நீரையும் காய்ச்சிக் குடிப்பதே உத்தமம்.

காய்ச்சுதல் பற்றி மலைவாசிகளிடையே ஓர் ஐயம் உண்டு. ஏற்காட்டின் உயரத்தில் நீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்து விடுகிறது; பருப்பு வேகத் தாமதிப்பது அதனால்தான். அவ்வெப்பம் கிருமிகளைக் கொல்லப் போதுமா? போதும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால், நீரால் பரவும் நோய்க் கிருமிகள் மடிந்து விடும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில்தான் மூன்று நிமிடம் வேண்டும்.

குளோரின் இடுதல் சிக்கனமான முறை. 1,000 லிட்டர் தெளிந்த நீருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது பொதுவான அளவு. ஒரு மணி நேரம் கழிந்த பின் குடிக்கலாம். நீர் கலங்கியிருப்பின் அதன் வலிமை சேற்றிலேயே செலவாகி விடும். பழைய பவுடரிலும் வலிமை குன்றிவிடும். காய்ச்சிய நீரும் வடித்த நீரும் பின்னர் அழுக்குக் கை பட்டால் கெடும். குளோரின் இட்ட நீரிலோ, மிச்சம் நிற்கும் குளோரின் தொடர்ந்து காவல் புரியும். இது அதன் தனிச் சிறப்பு.

புற ஊதா விளக்கு, அதாவது யு.வி. இயந்திரம், தெளிந்த நீரில் கிருமிகளை விரைவில் செயலிழக்கச் செய்யும். கலங்கல் நீரில் ஒளி ஊடுருவாது. மின்சாரம் நின்றால் வேலையும் நின்றது. விளக்கையும் குறித்த காலத்தில் மாற்றியாக வேண்டும்.

இறுதியாக ஆர்.ஓ. இயந்திரம். மெல்லிய சவ்வின் வழியே அழுத்தத்துடன் நீரைச் செலுத்தி, கரைந்த உப்பையும் புளோரைடையும் நைட்ரேட்டையும் பிரிப்பது இது. மலையடிவாரத்து உப்புநீருக்கு இது மெய்யாகவே பயன்படும். ஆயினும் வீடுகளில் உள்ள பல இயந்திரங்கள் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றுகின்றன. சித்திரை மாதத்தில் குடத்துடன் ஊற்றடியில் காத்து நிற்கும் ஊரில் இது தாங்கத்தக்கதா? 500 மில்லிகிராமுக்குக் குறைவான உப்புள்ள இடங்களில் இவ்வியந்திரத்தைத் தடை செய்ய விதி வகுக்குமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் அரசைப் பணித்தது என்பதும் இங்குக் கவனிக்கற்பாலது.

முதலில் சோதனை, பின்பு கடன்

சங்கங்கள் செய்ய வேண்டுவது யாது? கடன் விண்ணப்பத்துடன் நீர்ச் சோதனை அறிக்கையையும் கேட்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971 முதல் இயங்கி வருகிறது. மாவட்டங்களில் அதன் ஆய்வுக்கூடங்கள் உள்ளன. 2019-இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமந்தோறும் ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு. நம் சங்கத்துப் பெண் அங்கத்தினர்கள் அதில் முன்வந்து சேரலாம்.

கிருமிச் சோதனைக்கு நம் நாட்டு விஞ்ஞானிகள் 1982-இல் வெளியிட்ட எளிய முறை ஒன்று உளது. மருந்து தோய்த்த தாள் உள்ள சிறு புட்டியில் நீரை நிரப்பி, ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், மலக்கலப்புள்ள நீர் கறுத்துவிடும். மலைக்குளிரில் புட்டியை அடுப்பருகில் வைத்தல் நலம். விற்பனையாளரின் குவளையிலும் நிறம் மாறியது. இப்புட்டியிலும் நிறம் மாறுகிறது. முன்னது இரும்பின் நிறம். பின்னது நோயின் எச்சரிக்கை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே நாம் கற்க வேண்டிய பாடம்.

சோதனையில் உப்போ புளோரைடோ மிகுதி என்று தெரிந்தால் ஆர்.ஓ. இயந்திரத்திற்குத் தயங்காமல் கடன் வழங்குக. கிருமி மட்டுமே எனில் கேண்டிலோ யு.எப். வடிகட்டியோ போதும், அதனுடன் காய்ச்சுதலையும் சேர்த்துக் கொள்ளலாம். எதை வாங்கினும், மாற்று உறுப்புக்கள் சங்கக் கிடங்கில் இருக்கின்றனவா, பழுது பார்க்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவரேனும் உண்டா என்று பார்த்தே வாங்குக. தனித்தனியே வாங்குவதினும் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும், பேரம் பேசும் வலிமையும் கூடும். வடித்த நீரை மூடியும் குழாயும் உள்ள பாத்திரத்தில் வைத்தல் வேண்டும். கைவிட்டு மொள்ளும் பழக்கம் ஒழிய வேண்டும்.

மேற்கூறிய ஊரில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நிர்வாகக் குழு 14 விண்ணப்பங்களையும் ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. நீரைச் சோதித்ததில், உப்பு சொற்பமே என்பதும், ஊற்றுநீர் நிரப்பிய புட்டிகள் அனைத்தும் கறுத்தன என்பதும் தெரிய வந்தன. மலையடிவாரத்தில் கிணறு உடைய இரு அங்கத்தினர்களின் நீரில் மட்டும் உப்பு மிகுந்திருந்தது, அவ்விருவருக்கும் ஆர்.ஓ. இயந்திரத்திற்குக் கடன் வழங்கப்பட்டது. ஏனைய பன்னிருவரும் கேண்டில் வடிகட்டி வாங்கினர். ஊற்றைச் சுற்றிக் கல் கட்டி மூடவும், மேற்புறத்தில் மாடு மேய்வதைத் தடுக்கவும், காப்பி கழுவிய நீரைக் குழியில் விடவும் மகாசபையில் தீர்மானமாயிற்று. கல் சுமந்தவர்களில் அந்தப் பன்னிருவரும் இருந்தனர்.

முதலிற் கூறிய சங்கத்திற்கும் இவ்வாண்டு மீண்டும் சென்றேன். துணி போர்த்திய இயந்திரம் அப்படியே இருந்தது. அதற்குரிய தவணைகள் இன்னும் நான்கு பாக்கி. பக்கத்தில் புதிதாகக் கேண்டில் பாத்திரம் ஒன்று சொட்டிக் கொண்டிருந்தது. "பேத்தி இப்பப் பள்ளிக்கூடம் போறா ஐயா. அன்னிக்கு வந்தப்பவே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் அந்தப் பாட்டி.

அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. அன்று முதல், கடன் ஏட்டைத் திறக்குமுன் ஊர்த் தண்ணீரைப் பற்றிக் கேட்பதை வழக்கமாகக் கொண்டுள்ளேன். நமது சங்கங்களின் தலைவர்களும் காரியதரிசிகளும் அவ்வாறே கேட்கத் தொடங்குவார்களாக.